46 வயதில் ஹெவி லைசென்ஸ் எடுக்கலாமா, அண்ணாச்சி?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46. திருநெல்வேலியில் ஒரு பாத்திரக் கடையில் 22 வருஷம் வேலை பார்த்தவர். தை மாதத்தோடு கடையை மூடிவிட்டார்கள். மனைவி பீடி சுற்றுகிறார். மகள் கல்லூரியில் முதல் வருஷம், மகன் பத்தாவது. கார் லைசென்ஸ் எடுத்து 12 வருஷம் ஆகிறது, கடை வேனையும் அவ்வப்போது ஓட்டியிருக்கிறார். "சின்ன வயசிலிருந்தே லாரி மேல ஆசை, அப்பா விடலை. இப்போ ஒருத்தர் 15 நாளில் ஹெவி வாங்கித் தாரேன், வடக்கே போற லைன் வண்டியில ஏத்தி விடுதேன்னு சொல்லுதாரு. எனக்குக் கொஞ்சம் சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுதேன். வீட்டில பயப்படுதா. இந்த வயசுல ஏறலாமா அண்ணாச்சி?" இதுதான் கடிதம்.

தம்பி, ஏறலாம். ஆனால் அந்த ஆள் கையால் ஏறாதீர்கள், ராத்திரி பகலாகத் தூரம் போகிற அந்த லைன் வண்டியில் ஏறாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் 1988-இல் கிளீனராக ஏறினேன். 31 வருஷம் லாரியிலேயே போனது. 2019-இல் இறங்கி, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஹெவி கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் வயதுக்காரர்கள் வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், கடை நொடித்தவர்கள், விவசாயம் கைகொடுக்காதவர்கள். இருபது வயதுப் பையன் நாலு நாளில் பிடிப்பதை இவர்கள் பத்து நாளில் பிடிப்பார்கள். அது உண்மை. ஆனால் பிடித்ததை விடமாட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிற மனுஷன் ஸ்டியரிங்கில் உட்காரும்போது, எதிரே சைக்கிள் வந்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் வேலை கிடைக்குமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

முதலில் அந்த 15 நாள் கதை. லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனவர் ஹெவிக்கு விண்ணப்பிக்கலாம். அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் ஆகாமல் டெஸ்டுக்குப் போய் நிற்கவே முடியாது. இது மத்திய மோட்டார் வாகன விதி. ஊருக்கு ஊர் மாறாது. அதோடு பயிற்சிப் பள்ளியின் சான்று, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும் படிவம் 1-ஏ இரண்டும் வேண்டும். அப்படியிருக்க 15 நாளில் கையில் கொடுப்பேன் என்றால் ஒன்று அது போலி, இல்லையென்றால் பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிப்பார். போலி லைசென்ஸோடு ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணத்தைக் கட்டிவிட்டு முதலாளியிடம் திருப்பிக் கேட்பார்கள். முதலாளி உங்களை விடுவாரா? வழக்கு தனி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீங்களே வரிசையில் நின்று, நீங்களே எட்டுப் போட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டி வாங்குங்கள். அந்த லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. ஹெவி வரும்வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது: கார் லைசென்ஸ் வைத்திருப்பவர், வண்டியும் சரக்கும் சேர்த்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம். அதாவது நம் ஊரில் ஓடுகிற குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், பழைய 407 எல்லாமே உங்கள் கையில் இப்போது இருக்கிற லைசென்ஸுக்கு உட்பட்டவை. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்ற இடத்தைப் பாருங்கள். 7,500-க்குள் இருந்தால் ஏறலாம். கேஸ் சிலிண்டர், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும் தனிப் பயிற்சியும் தனி ஒப்புதலும் வேண்டும். அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.

என் யோசனை இதுதான். ஒரு வருஷம் இந்தச் சின்ன வண்டியில், பகலில், மாவட்டத்துக்குள் ஓட்டுங்கள். கூடவே ஹெவி லைசென்ஸை முறையாக எடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் ஆறு சக்கர வண்டியில், மூத்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில், தென்காசி என்று போய் ராத்திரி வீட்டுக்குத் திரும்புகிற ஓட்டம். மூன்றாம் வருஷம் லைன் வண்டி பற்றி யோசிப்போம். அப்போது உங்களுக்கு 48 ஆகியிருக்கும், ஒன்றும் குடி முழுகாது.

உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது. பிசான அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நெல் மூட்டை ஏற்ற வண்டி போதாது. களக்காட்டில் வாழைத்தார். ஆலங்குளம், பாவூர்சத்திரம் சந்தைகளுக்குக் காய்கறி. காருக்குறிச்சியில் மண்பானை. இந்தப் பானை லோடு கிடைத்தால் விடாதீர்கள், பணத்துக்காகச் சொல்லவில்லை. நான் பழகிய காலத்தில் என் குருநாதர் என்னை வேண்டுமென்றே பானை லோடுக்கு அனுப்பினார். வைக்கோல் போட்டு, பானை வாயைக் கீழே கவிழ்த்து, வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சேரன்மகாதேவி தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் "சொத்"தென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் முன் வரிசையில் பதினொரு பானை போய்விட்டது. அன்றிலிருந்து முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட்டை மட்டும் நான் பார்ப்பதில்லை. அதற்கு முந்தின வண்டியையும், அதற்கும் முந்தினதையும் பார்ப்பேன். கால் மெதுவாக முன்கூட்டியே எடுக்கப் பழகியது அந்தப் பானைகளால்தான்.

உங்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. 22 வருஷம் குடமும் அண்டாவும் அடுக்கிய கை உங்களுடையது. எது மேலே, எது கீழே, எங்கே இடைவெளி விட்டால் உருளும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியில் பாதி விபத்து லோடு சாய்வதில் தொடங்குகிறது என்பது என் அனுபவம். எடையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து வைப்பது, தார்ப்பாயை மூடிக் கயிறு கட்டுவது, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்திக் கயிற்றை இன்னொரு தடவை இறுக்குவது, இதெல்லாம் அந்தக் கைக்குச் சீக்கிரம் வரும்.

ஹெவியில் புதிதாகப் படிக்க வேண்டியது வேறு. காரில் முன் சக்கரம் போன வழியே ஏறக்குறைய பின் சக்கரமும் வரும். லாரியில் அப்படி வராது, பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டும். எங்கள் மைதானத்தில் இதை நான் வாயால் சொல்வதில்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, "அதைத் தொடாமல் திரும்புங்க" என்பேன். போன மாதம் திசையன்விளைக்காரர் ஒருவர், 44 வயது, பத்து வருஷம் கார் ஓட்டியவர். கார் மாதிரியே ஸ்டியரிங்கைச் சீக்கிரம் ஒடித்தார். முன் சக்கரம் குடத்தைத் தாண்டிவிட்டது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அடுத்த நொடி "படார்". குடம் அப்பளமாகிவிட்டது, தண்ணீர் தெறித்து டயர் நனைந்திருந்தது. இறங்கிப் போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அண்ணாச்சி, இதுல ஒரு பிள்ளை நின்னிருந்தா" என்றார். அவருக்கு மறுபடி நான் குடம் வைக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

காலையில் வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிஷம். ஒரு கம்பியை வைத்து ஒவ்வொரு டயராகத் தட்ட வேண்டும். பின்னால் ஜோடி டயரில் உள்டயர் காற்றிறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கிக்கொண்டு நிற்கும். நல்ல டயர் கம்பியைத் துள்ளவிடும், "டங்" என்று கேட்கும். காற்றில்லாத டயர் கம்பியை விழுங்கும், "தொப்" என்று அடங்கிவிடும். ஒரு வாரம் தட்டினால் காது தானாகப் பிரித்துவிடும். அப்புறம் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது. ஸ்டார்ட் செய்ததும் பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறியதை மீட்டரில் பார்த்த பிறகே கியர். அவசரத்தில் இதை விட்டவர்கள் கதையெல்லாம் சொன்னால் உங்கள் வீட்டம்மா உங்களை வெளியே விடமாட்டார்.

சரி, இனி உடம்பு. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சர்க்கரை இருப்பதால் லாரி ஓட்டக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் உங்கள் டாக்டரிடம் போய், "நான் லாரி ஓட்டப்போகிறேன், நான் சாப்பிடும் மாத்திரை சர்க்கரையைத் திடீரென்று இறக்குமா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். சில மாத்திரைகள் இறக்கும், சில அவ்வளவாக இறக்காது. டாக்டர் மாற்றித் தரலாம். சர்க்கரை ஏறினால் உடம்பு நாளாவட்டத்தில் கெடும். இறங்கினால் அந்த நிமிஷமே கை நடுங்கி, வியர்த்து, எங்கே போகிறோம் என்பது மறந்துபோகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி ஆகக்கூடாது. சாப்பாட்டு நேரம் தப்பக்கூடாது. சீட்டுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். ஹெவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

கண்ணும் அப்படியே. 46 வயதில் பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுவது பெரிதில்லை. இருட்டில் எதிர் வண்டி லைட் பட்ட பிறகு எத்தனை நேரத்தில் பார்வை திரும்புகிறது என்பதுதான் முக்கியம். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையையும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலேயே அரவிந்த் இருக்கிறது, ஒரு நாள் வேலை. சொட்டு விட்ட அன்று வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

அடுத்தது தூக்கம். நான் லைன் வண்டி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமே இதுதான். 1996-இல் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தேன். அப்போது நாலுவழிச் சாலை கிடையாது. விடிவதற்குள் இறக்க வேண்டும் என்று அப்போதிருந்த முதலாளி சொல்லியிருந்தார், அதற்கு முந்தின ராத்திரியும் ஓட்டம். சாத்தூர் தாண்டி மூன்றரை மணி இருக்கும். கரிசல் காட்டு ரோடு, வளைவே இல்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண்ணும் திறந்துதான் இருந்தது. திடீரென்று ரோட்டோரப் புளியமரம் ஒன்று கண்ணாடி முழுக்க நின்றது. எப்படி ஒடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேபினின் இடது பக்கக் கண்ணாடியை மட்டும் மரம் பிடுங்கிக்கொண்டது. கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு 17 வயது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு விடியும்வரை ரோட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. உங்களுக்கு 46. 22 வருஷம் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பு. ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் அந்த உடம்பு உங்கள் பேச்சைக் கேட்காது. டீ குடித்தாலும், முகம் கழுவினாலும், பாட்டுப் போட்டாலும் கொஞ்ச நேரம்தான். அதற்கு மருந்து தூக்கம் மட்டுமே. 1961-ஆம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று எழுதியது. ரோட்டில் அதை யார் பார்த்தார்கள்? அதனால் உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். குறட்டை பலமாக விடுவீர்களா, தூங்கி எழுந்தும் அசதியாக இருக்கிறதா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்து ரோடுகளில் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று புளியரை எஸ் வளைவு. செங்கோட்டை தாண்டி ஏறும்போது பயமில்லை, ஆரியங்காவிலிருந்து லோடோடு இறங்கும்போதுதான் கவனம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடச் சொல்கிறவன் உங்களுக்கு வேண்டியவன் இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனர் சூடாகி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. 2024 பிப்ரவரியில் கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே நடுராத்திரியில் ரயில் தண்டவாளத்திலேயே விழுந்து டிரைவர் இறந்துபோனார். பக்கத்திலிருந்த வயதான தம்பதி டார்ச் அடித்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். இன்னொரு இடம் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற காற்று காலி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வைக்கோல் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். காற்றாலை சுற்றுகிற வேகத்தைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதச் சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, லோடு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நாளுக்கு என்ன, அபராதம் விழுந்தால் யார் கட்டுவது, இந்த நாலையும் ஏறும் முன்பே கேளுங்கள். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். "நான் பார்த்துக்கிடுதேன்" என்று வாயால் சொல்லும் முதலாளியிடம் ஓவர்லோடு எடுக்காதீர்கள். நடைக்கு இவ்வளவு என்று காசு பேசும் டிப்பர் வேலைக்கும் முதல் இரண்டு வருஷம் போக வேண்டாம். நடைக் கணக்கு வந்துவிட்டால் வேகமும் கூடவே வரும். சொந்த வண்டி ஆசை உங்களுக்கு வரும், எல்லாருக்கும் வரும். கடன் வாங்கி வண்டி எடுக்கும் பேச்சை மகள் படிப்பு முடியும்வரை தள்ளி வையுங்கள். வண்டி ஓடாத மாதமும் தவணை நிற்காது.

இதைச் செய்துவிடுங்கள்: அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம், தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமர் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், 2 லட்சம் ரூபாய்க்கு. 20 ரூபாய் ஒரு டீக்காசுதான்.

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி, நீங்கள் பயப்படுவது நியாயம். என் மனைவியும் 31 வருஷம் பயந்தாள். உங்கள் வீட்டுக்காரர் பகல் ஓட்டம் ஓட்டும் வரைக்கும் ராத்திரி உங்கள் கையால் சாப்பிட வந்துவிடுவார், அந்த ஒரு வருஷத்தில் அவருக்கு இது ஒத்துவருமா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். போன் அடித்து அவர் எடுக்கவில்லை என்றால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். எடுக்காததுதான் நல்லது, ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நிறுத்தியதும் அவரே கூப்பிடுவார். தம்பி, நீங்களும் கூப்பிட வேண்டும். என் வீட்டில் அந்தக் காலத்தில் போன் கிடையாது, எதிரே ஊருக்குத் திரும்பும் வண்டிக்காரரிடம் "நல்லா இருக்கேன்னு சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்புவேன்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசு ஆணை வந்துவிட்டது. கத்திரி வெயிலில் இன்ஜின் சூட்டில் வெந்த எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நீங்கள் ஹெவிக்கு வரும்போது அப்படி வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கமும் வந்திருக்கும்.

இந்த வாரம் கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, இரண்டு ரிப்போர்ட்டிலும் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எல்.எல்.ஆர். எப்போது போடலாம் என்று சொல்கிறேன். அதுவரை அந்த 15 நாள் ஆளுக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், லைசென்ஸ் ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள்.